பச்சைத் தட்டு

ஆர்சனிக் நஞ்சை ஒருமுறை தொட்டாலே அந்தப் பாக்டீரியா பச்சையாக ஒளிரும்; அதன் நூறாவது தலைமுறையும் அதை மறக்காது. மரபணுவில் அப்படியொரு சுவிட்சை அமைக்கத் தாட்சாயணிக்கு ஆறு வருடமானது. அன்று மதியம் ஆய்வகத்தில், அந்தப் பாக்டீரியாவை வளர்த்த கண்ணாடித் தட்டுகளில் ஆலைக் கழிவுநீர் விட்ட தட்டு ஒளிர்ந்தது. ஒப்பிடுவதற்கு நல்ல தண்ணீர் விட்டிருந்த தட்டும் ஒளிர்ந்தது.

"ஸ்டீபன், இது எங்க புடிச்ச தண்ணி?" என்று உடன் வேலை செய்பவனைக் கேட்டாள்.

"எங்க வீட்டு போர் தண்ணி மேடம். கல்கண்டாட்டம் இருக்கும்."

பதறிப்போய் வேறொரு தட்டில் அதே நீரை விட்டாள். ஒரு மணி நேரத்தில் அதுவும் பச்சை. அவள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டீபன், ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவிக்கு ஃபோன் போட்டான்.

"தண்ணி குடிக்காத, கில்டா!"

"இப்பதாங்க ஒரு சொம்பு குடிச்சேன். ஏன்?"

அவன் தாட்சாயணியைப் பார்த்தான். எத்தனை வருடமாக அதைக் குடிக்கிறார்கள் என்று கேட்க அவளுக்கு நாவெழவில்லை.