எந்த வசனத்தில் இருக்கிறது?

"வேதத்தைப் பிரசங்கிக்கிறதுதான் சபையோட வேலை. வண்டி வாங்கி ஓட்டணும்னு எந்த வசனத்துல இருக்கு?" சபைச் செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அவசரத்துக்கு உதவுமே, மாமா," என்றார் அவருடைய மருமகனான போதகர்.

"வேதத்துல இல்லாதது சபைக்கு வேண்டாம். கமிட்டியில அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். நீங்க கேட்டாத்தானே!"

"இப்பக் கேக்குறேன் மாமா. டிரைவர், ஓரமா நிறுத்துங்க. மாமா இறங்கிக்கிறாராம்."

சபையின் ஆம்புலன்ஸ் நின்றது. சைரனும் அடங்கியது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த செயலாளர், ஆலயப் படியில் வழுக்கி ஒடிந்த தன் காலையும் ஆளில்லாத சாலையையும் பார்த்தார்.

"விளையாடாதீங்க மாப்பிள்ளை! வசனம் ஞாபகம் வந்துடுச்சு. அடிபட்டுக் கிடந்தவனை வாகனத்துல ஏத்திக்கிட்டுப் போனானே ஒருத்தன், அது வேதத்துலதானே இருக்கு? வண்டிய எடுக்கச் சொல்லுங்க!"