ஒற்றைச் செவ்வரளி

முத்தாத்தாள் ஆச்சியின் கை முதலில் எந்தப் பொட்டலத்தின் மேல் நின்றது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இடது பக்கம் போய், பிறகு வலதை எடுத்தாள் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் நேர்மாறாகத் தோன்றும்.

கை ஒருமுறை மாறியது. அது மட்டும் நிச்சயம்.

மகாராஜபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கருப்பசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழை இலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள் சாமி காலடியில் இருந்தன. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. ஊர் பார்க்க ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

சாமியாடி தங்கப்பாண்டியன் பொறுப்பை விட்டுவிட்டு ராஜபாளையம் போகலாமா? அதுதான் கேள்வி.

தங்கப்பாண்டியன் என் அக்கா கனகலட்சுமியின் கணவர். எனக்கு மச்சான். பட்டாளத்திலிருந்து திரும்பிய வருடமே அவர் மேல் சாமி இறங்கிவிட்டது. அதன் பிறகு சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. புருஷனோ பெண்டாட்டியோ ஓர் இரவுகூட வெளியூரில் தங்கக் கூடாது. ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்து, தவழவும் தொடங்கிவிட்டது. அக்கா காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் ஓடி வருவாள்.

அங்கே ஒரு மில்லில் மச்சானுக்குக் காவலாளி வேலை கிடைத்திருந்தது. குடியிருக்க இரண்டு அறை. அக்கா அண்டாவைத் துலக்கி, பழைய சேலையில் மூட்டை கட்டியே வைத்துவிட்டாள்.

ஊருக்குச் சொன்ன காரணம் மூட்டு வலி.

உண்மைக் காரணத்தை அன்று காலை கோயில் கிணற்றடியில் குளித்துக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னார்.

"மூணு வருசமா சாமி வரல மாப்ளே. நான்தான் வந்துட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"சுந்தரபாண்டியத்துக்காரி ஒருத்தி, புருசனுக்குத் திருநீறு போதுமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமான்னு கேட்டா. உள்ள கேட்டுப் பாத்தேன், சத்தத்தையே காணோம். நானா ஆஸ்பத்திரின்னு சொல்லி வச்சேன். அவன் பொழச்சு வந்து எனக்குக் கெடா வெட்டுதான். நாளைக்கு ஒருத்தனுக்கு மாத்திச் சொல்லிட்டேன்னா?"

தலையைத் துவட்டியபடி குரலைத் தாழ்த்தினார்.

"பொட்டலம் ரெண்டுலயும் வெள்ளைதான். நீ பாட்டுக்கு இரு."

பூ பறித்துத் தருவது சாமியாடியின் மனைவி வேலை. பொட்டலம் மடிப்பது சாமியாடியின் வேலை. பக்கத்தில் நின்று யாரும் பார்ப்பதில்லை. சாமியாடியையா சந்தேகப்படுவார்கள்?

ஆகவே முத்தாத்தாள் ஆச்சி கையை நீட்டியபோது, கோயிலில் கவலையில்லாமல் நின்றது நாங்கள் இருவர்தான்.

"ஏலே, எத எடுக்கட்டும்?"

"எதையாச்சும் எடு ஆச்சி. சன்னலோர சீட்டாப் பாத்துதான் எடுப்பியாக்கும்!" என்று பின்னாலிருந்து சோலைராஜ் கத்தினான். கூட்டம் சிரித்தது.

கை நின்றது. மாறியது. எடுத்தது.

பிரித்தால், செவ்வரளி.

மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை. நடுக்கம் கால் கட்டைவிரலில் தொடங்கி மேலே ஏறியதை நான் பார்த்தேன். கொட்டு அடிக்கவில்லை. சலங்கை கட்டவில்லை. சாம்பிராணிகூடப் போடவில்லை. மனிதர் கூரைக்கு எம்பினார்.

அவர் ஆடி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இது வேறு.

ஆடி முடித்து மண்ணில் விழுந்து, "இருக்கியா அய்யா, இருக்கியா" என்று அழுதார். எதற்கு அழுகிறார் என்று ஊருக்குத் தெரியாது.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. அப்படியே கிணற்றில் போட்டார்கள்.

அடுத்த மாதம் அக்காவை ராஜபாளையம் பஸ் ஏற்றிவிட ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம் போயிருந்தேன். பேத்திக்கு வாங்கிய கிலுகிலுப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசு கேட்காமல், இரண்டிலும் வெள்ளை வைத்த கதையை அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. புறப்பட்டுப் போகும் ஒரு பஸ்ஸைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் பறிச்சுக் குடுத்த ஒத்தச் செவ்வரளி கூடையிலயே கெடந்துச்சு. பாத்ததும் புரிஞ்சு போச்சு. நீங்க ரெண்டு பேரும் கெணத்தடியில குளிச்சுட்டு இருந்தப்ப, ஒரு பொட்டலத்தப் பிரிச்சு வெள்ளைய எடுத்துட்டு அத வச்சேன்."

"ஏன்க்கா? போகணும்னு ஒனக்குத்தான அம்புட்டு ஆசை?"

"ஆசைதாம்லே. அதுக்காகச் சாமிய ஏமாத்திட்டா போறது?" கிலுகிலுப்பையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். "இன்னொண்ணுல வெள்ள இருந்துச்சுல்ல. மனசிருந்தா சாமி அதக் குடுத்திருக்கலாம்ல."

மில் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். மச்சான் இன்னும் ஆடுகிறார். சாமி தவறாமல் வருகிறது. யார் நோய் என்று வந்தாலும் சாமி இப்போது ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்கிறது. முத்தாத்தாள் ஆச்சி தை மாதம் செத்துப்போனாள். பேத்தி நடக்கிறாள். நான் மச்சானிடம் எதையும் சொல்லவில்லை.

அக்கா பூ பறித்துக் கொடுக்கிறாள். கோயிலுக்குள் மட்டும் வருவதில்லை. சாமி இல்லை என்று ஆகிவிட்டதா என்று கேட்டேன். இருக்கிறார், அதனால்தான் அவரோடு பேசுவதில்லை என்றாள்.

அண்டாவை அவள் இன்னும் மூட்டையிலிருந்து எடுக்கவில்லை.