அவித்த பயறும் தராசு முள்ளும்

பாருங்கள் கண்ணுகளா, ஆஸ்பத்திரி ஜன்னல் வெயில் நேராக எடை பார்க்கும் தட்டில் விழுகிறது. அதில் குழந்தை கைகாலை உதறுகிறது. கறி, முட்டை, பால் எதையும் தொடாமலே பெற்றெடுத்த மருமகள் தராசு முள்ளையே பார்த்து நிற்கிறாள். போன தடவை எடை ஏறவில்லை. மாமியார் கையில் மருமகளின் அவித்த பயறு டப்பா. “தழையும் பயறும் தின்னா பால் எங்கேர்ந்துடி ஊறும்?” முள் நடுங்கி, போன தடவை நின்ற கோட்டைத் தாண்டிப் போய் நிற்கிறது. “நல்லாவே ஏறியிருக்கு. டாக்டர் சொன்ன மாத்திரையை மட்டும் விட்டுடாதம்மா” என்கிறாள் நர்ஸ். குழந்தை வீறிடுகிறது. அந்தச் சத்தத்துக்கே தாயின் ரவிக்கை நனைகிறது. மாமியார் அந்த ஈரத்தைப் பார்க்கிறாள், பிறகு டப்பாவைப் பார்க்கிறாள். இத்துனூண்டு பயறா இப்படிப் பாலாகிறது? மெல்ல மூடியைத் திறந்து நீட்டுகிறாள். “தின்னுடி. பிள்ளைக்குப் பசிக்குதாம்.”