கூழாங்கல் வாய் திறந்தபோது

அமெரிக்கப் பாலை நிலத்தில், பியூப்ளோ என்ற பழங்குடியினரின் ஊர் ஒன்றில், ஒரு வீட்டில் பானையை வனைவது அம்மா. கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது மகள். சித்திரம் தீட்டுவது அப்பா.

அப்பாவின் தூரிகைக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. யூக்கா என்ற பாலைச் செடியின் இலை நுனியை அவர் மென்று மென்று நாராக்கிச் செய்த தூரிகை அது. மகளின் கையிலிருந்த கூழாங்கல்லோ காலையிலிருந்து பானையையே சுற்றிச் சுற்றி வந்தது.

"போதும்க்கா, இங்க தள்ளு. நான் எப்பத்தான் கோடு போடுறது?" என்றது தூரிகை.

கல் நிற்காமல் ஓடியது; பானைமேல் பூசிய காவி மண் காய்வதற்குள் தேய்த்து முடிக்க வேண்டும்.

"உனக்கென்ன, ஆத்துல உருண்டே காலத்தை ஓட்டுனவ. அவசரம்னா என்னன்னு தெரியுமா?"

கல்லுக்குச் சுருக்கென்றது. நின்றது. "கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியாடா?"

அதற்குள் வறண்ட காற்றில் ஈரக் காவிப் பூச்சு உலர்ந்துபோய், கல் நின்ற இடத்தில் மங்கலாக ஒரு தழும்பு விழுந்தது. மகள் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தாள். அம்மா மறுபடி காவி குழைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் பானை பளபளத்தது. தூரிகையின் முறை வந்தது. அது பானையின் கழுத்தைச் சுற்றி, நடுங்காமல் ஒரு கோடு இழுக்க வேண்டும். பாதிக் கோட்டில், பானையைச் சுடுவதற்கு முற்றத்தில் அடுக்கியிருந்த வறட்டி குரல் கொடுத்தது.

"இன்னுமா முடியல அண்ணே? நான் எப்பத்தான் எரியறது?"

பதில் தூரிகையின் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. கோடு அசையப் பார்த்தது.

"அவன்கிட்டப் பேச்சுக் கொடுக்காதே," என்றது தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்த கூழாங்கல், வறட்டியிடம். "திட்டணும்னா, வேலை முடிஞ்சு கிடக்கிற என்னைத் திட்டு."