வெள்ளைத் துண்டு

நெருப்பெரிச்சல் ஊரின் பனியன் கம்பெனி ஒன்றில், ஓனர் செல்லாத்தாளின் மேசைமேல் தண்டை முன்னும் பின்னும் தள்ளும் இரண்டு ஆக்சுவேட்டர்கள் கிடக்கின்றன. மடித்த பனியன்களைப் பைக்குள் தள்ள ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். "எண்ணெயில ஓடுறதுக்குத்தான் மேடம் பலம் ஜாஸ்தி. மோட்டார்ல ஓடுறது கொஞ்சம் மெதுவு," என்று கேட்டலாக்கைப் புரட்டுகிறார் மெஷின் அமைத்துத்தர வந்திருக்கும் இன்ஜினியர் ஜெபக்குமார். செல்லாத்தாள் கட்டிங் வேஸ்ட் குவியலிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து எண்ணெய்த் தண்டைச் சுற்றிப் பிடிக்கிறார். "ஓட்டுங்க கண்ணு." தண்டு வழுக்கி நீண்டு திரும்புகிறது. ஜன்னல் வெயிலில் துணியை விரித்தால், இமைமுடி கனத்தில் ஒரு மஞ்சள் கோடு. "இது பனியன்ல பட்டா லோடே திரும்பி வந்துருமுங்க." மோட்டார் தண்டுக்குப் புதுத் துண்டு. பத்துத் தடவை மெல்லப் போய்வருகிறது. இம்முறை துணியை உருவிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவது ஜெபக்குமார். திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. "இதுல ரெண்டு துண்டு எனக்கும் தாங்க மேடம். அடுத்த கம்பெனியிலயும் இப்படிச் சுத்திப் பாக்கணும்."