மீதி ஒன்று

வீட்டில் நடப்பதைக் கேட்டு, என் மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக வாரம் ஒரு தலைப்பை வீட்டுப்பள்ளிக் கருவியே தேர்ந்தெடுக்கும். அவரவர் வயதுக்கேற்ற பயிற்சியும் தரும். அடுக்களையில் எறும்பு வந்த வாரம் எறும்பு. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இந்த வாரம் 'இரண்டு வீடு'.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் விவாகரத்து வக்கீலிடம் பேசினேன். அப்படியும் கேட்டுத் தொலைத்திருக்கிறது. என் கணவருக்கே இன்னும் தெரியாது.

மூத்தவள் யாழினி, 'பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும்?' என்று கட்டுரை எழுதினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து வயது மகிழன் கணக்கோடு வந்தான். "நாங்க மூணு பேரு. ரெண்டு வீட்டுக்கு வகுத்தா மீதி ஒண்ணு வருதும்மா."

இரண்டு வீட்டுக்கும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த கடைக்குட்டி நறுமுகை நிமிர்ந்தாள்.

"அந்த மீதி நானாம்மா?"

நல்ல கேள்வி என்று கருவி அவளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டது.