பஞ்சு அடைத்த லேப்டாப்

லேப்டாப்பை மேசைமேல் வைத்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அறிவுச்செல்விக்கு முதலில் அதுவே பிடிக்கவில்லை.

"ரொம்ப ஸ்லோவா இருக்குக்கா. பாப்பா காலேசு சேந்திருக்கு. அதுக்கு ஆகுற மாதிரி பண்ணிக் குடுங்க."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ஒற்றை அறை சர்வீஸ் கடை அவளுடையது. போன வருடம் யாரோ கொடுத்த செல்போனைச் சரிசெய்யப் போய், அது திருட்டு போன் என்று தெரியவர, ஒரு பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு முறை போலீஸ் படியேறினால் கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்று கட்டடக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"பேரு?"

"அழகுராஜா. குஜிலியம்பாறை."

பட்டனை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு டீ குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் திரை வெளுத்து, 'வருக, ஜெரோம்' என்றது.

"ஜெரோம் யாருண்ணே?"

"அது... நாந்தேன். வீட்ல கூப்புடுற பேரு."

"பாஸ்வேர்டு?"

அழகுராஜா தலையைச் சொறியப் போனான். ஹெல்மெட் தடுத்தது. "அதெல்லாம் நீங்களே ஏதாச்சும் போட்டுக்கங்கக்கா."

லேப்டாப்பைத் திருப்பினாள். அடியில் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம். பக்கத்திலேயே செல்லோடேப் போட்டு ஒட்டிய துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டு பளிச்சென்று எழுதியிருந்தது.

பின்மூடியைக் கழற்றினாள். காற்றாடி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைவெளேரென்று பஞ்சு. ஒரு கைக்குழந்தைக்குத் தலையணை தைத்துவிடலாம்.

"மில்லுல வேலையாண்ணே?"

"இல்லக்கா. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி லோடு ஏத்துறேன்."

தக்காளி ஏற்றுகிறவன் லேப்டாப்புக்குள் நூல் மில்லின் பஞ்சு! பஞ்சை வழித்தெடுத்து, மூடியைப் பூட்டி, உள்ளே நுழைந்து பார்த்தாள். முதல் கடிதத்திலேயே வேடசந்தூர்ப் பக்கத்து மில் ஒன்றின் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

பிரஷ் எடுக்கும் சாக்கில் தடுப்புக்குப் பின்னால் போய் மில்லுக்குப் போன் போட்டாள். மேனேஜரே எடுத்தார்.

"மில்லுல ஜெரோமுக்குக் குடுத்ததுதாம்மா! நாலு நாளைக்கு முன்னாடி மில் பஸ்ல களவு போச்சு. பாவம், மனுசன் சரியாச் சாப்பிடக்கூட இல்ல. ஆளை விட்றாதீங்க, அவரையே அனுப்புறேன்."

போலீஸ் தேடி வருவதற்குள் தானே சொல்லிவிடுவது மேல் என்று, அடுத்து, தெரிந்த ஏட்டு மரியசெல்வத்துக்குப் போட்டாள். "பந்தோபஸ்துல நிக்கிறேன் தாயி. முக்கால் மணி நேரம் எப்படியாச்சும் இழுத்துப் பிடி."

இழுத்துப் பிடிப்பதற்கென்றே பிறந்த லேப்டாப்தான் அது. ஆனால் பாழாய்ப்போன கை சும்மா இருக்கவில்லை. உள்ளே நாலு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. மூன்றைத் தூக்கினாள். ஆன் செய்ததும் தானாக எழுந்துகொள்ளும் முப்பது புரோகிராம்களை நிறுத்தினாள். ஆன் செய்து பார்த்தாள். இருபதே செகண்டில் திரை பளபளத்தது.

"அட! முடிஞ்சிருச்சாக்கா?" அழகுராஜா துள்ளி எழுந்தான்.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக, ஒழுங்காக வேலை பார்த்துவிட்டதற்காக அறிவுச்செல்வி வருந்தினாள்.

"செத்த நேரம் உக்காருங்கண்ணே. டெஸ்டிங் இருக்கு."

தூக்கிய மூன்று ஆன்டிவைரஸையும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினாள். லேப்டாப் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

மூன்றாவது ஆன்டிவைரஸ் நாற்பது சதவீதத்தில் முக்கிக்கொண்டிருந்தபோது, அழகுராஜாவின் தோளில் ஏட்டின் கை விழுந்தது.

"ஹெல்மெட்டைக் கழட்டு அப்பு. யாருதுடா இது?"

"திருடலங்கய்யா! சத்தியமாத் திருடல!"

"அப்ப எப்படி வந்துச்சு?"

வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, கழற்றிய ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டப் போனான்.

அந்த நேரத்தில் மூச்சு வாங்கப் படியேறி வந்தார் ஜெரோம். ஐம்பது வயது இருக்கும். லேப்டாப்பைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"உங்களுதா சார்?" என்றார் ஏட்டு.

"என்னுதேதான்." குரல் உடைந்தது.

அறிவுச்செல்வி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அழுவாதீங்க சார். ஆன்டிவைரஸை மட்டும் எடுத்துட்டா இருபது செகண்ட்ல ஆன் ஆகும். இன்னும் அஞ்சு வருசத்துக்கு நீங்க இதைப் பிரிய வேண்டியதே இல்ல. உங்க மேனேஜர்ட்டயும் திரும்பப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

ஜெரோம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கேஸ் எழுதிருவமா?" என்றார் ஏட்டு.

"வேணாங்கய்யா!" பதறினார் ஜெரோம். "புள்ளைக்குட்டிக்காரன். விட்ருங்க. பொருள் கெடைச்சிருச்சுல்ல, அது போதும்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுசனா! ஏட்டு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தபடி கீழே இறங்கிப்போனார். லேப்டாப்பைப் போட்டுக்கொடுக்க நல்ல பையாகத் தேடி, அறிவுச்செல்வி தடுப்புக்குப் பின்னால் போனாள்.

ஜெரோம் மெல்ல அழகுராஜாவின் காதருகே குனிந்தார். "பக்கத்து வீட்டுக்காரனாச்சேன்னு நம்பி, கெணத்துல போட்ருன்னு குடுத்தா, சரிபண்ணவாடா கொண்டுவருவ? இது களவு போனாத்தானடா மில்லுல எனக்குப் புதுசு தருவாய்ங்க!"